பொய்முகவரியும் அண்மைப்பள்ளியும்

(புதுவயலில் தமிழன்பர்களின் திங்கட்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



இற்றைப் பொழிவிற்கு எனக்குத் தரப்பெற்ற தலைப்பு ‘பள்ளிச் சேர்க்கையில் பொய்முகவரி’ என்பது. மொழியைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் பேசும் இக்கூட்டத்தில், ஆதார் அட்டைக்கும் குடிக்கூலி உடன்படிக்கைக்கும் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோர் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகின்றேன். இப்பொய்யின் இலை வருவாய்த்துறை அலுவலகத்தில் அசையலாம். வேர் நம் மொழி நிலையில் இருக்கின்றது. அவ்வேரைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முகவரியும் மானமும்

முகவரி என்பது வெறுந்தாளில் எழுதும் வரியன்று. இதனைச் செட்டிநாட்டாருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கொண்டுவிற்கச் சென்ற நம் பக்கத்து வணிகர்கள் பருமாவிலும் மலையாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நாளில், அவரவர் பெயர்க்கு முன்னே சில எழுத்துகளைப் பொறித்தனர். அவ்வெழுத்துகளை ‘விலாசம்’ என்றே வழங்கினர். அவ்வெழுத்துகள் தாங்கிய உண்டியலைக் கடல்கடந்த ஊரிலும் மதித்துப் பணம் கொடுத்தனர். கரணியம் என்ன? அவ்வெழுத்துகளுக்குப் பின்னால் ஓர் ஊரும் ஒரு வீடும் ஒரு சொல்லும் இருந்தன. பெயரும் முகவரியும் மானமும் ஒன்றாய் இருந்த மண் இது. அத்தகைய மண்ணில், ஐந்து அகவைக் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதற்காகத் தந்தை பொய்யான தெருப்பெயரை எழுதுகின்றான் என்றால், அவன் உள்ளத்தை அந்நிலைக்குத் தள்ளியது எது என்று நாம் ஆராய்தல் வேண்டும்.

சட்டம் சொல்வது

2009ஆம் ஆண்டு இயற்றப்பெற்றுக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு இடங்களை, அண்மையில் வாழும் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கும் தருதல் வேண்டும். அவர்களுக்கான செலவை அரசு அப்பள்ளிகளுக்குத் திருப்பித் தரும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை 2014இல் உச்ச வழக்குமன்றம் இச்சட்டத்தினின்று விலக்கிவிட்டது.

‘அண்மை’ என்பது எவ்வளவு? தமிழ்நாட்டு நெறிமுறைகளின்படி, தொடக்க வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர். நலிந்த பிரிவினர் என்பார் ஆண்டு வருவாய் 2 இலக்கம் உருவாவுக்குக் குறைந்தோர். வேண்டுகைகள் இருக்கும் இடங்களை மிஞ்சினால், பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடத்தி இடம் தருதல் வேண்டும். இதுவே நடைமுறை.

இந்த ஒரு கிலோமீட்டர்தான் பொய் நுழையும் வாயில்.

பொய் நுழையும் வழி

ஒரு கிலோமீட்டர் என்பது, களத்தில் நெல்லைக் கிளறிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய் வரும் தொலைவு. அந்தத் தொலைவுக்குள் வீடு இருந்தால் குழந்தைக்குக் கட்டணமின்றி இடம். அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்தால் இல்லை. உடனே என்ன செய்கின்றனர்? வட்டத்திற்குள் இருக்கும் உறவினர் வீட்டு எண்ணை எழுதுகின்றனர். குடியேறாத வீட்டிற்குக் குடிக்கூலி உடன்படிக்கை எழுதிக் கொள்கின்றனர். ஆதார் அட்டையில் முகவரியை மாற்றி, சேர்க்கை முடிந்தபின் மீண்டும் மாற்றுகின்றனர். மாடி வீட்டுக்காரர் சிலர் வருவாய்ச் சான்றில் ஏழையாகி, முகவரிச் சான்றில் அடுத்த தெருக்காரராகி, இரண்டு பொய்யைச் சேர்த்து ஓர் இடம் வாங்குகின்றனர். இவற்றையெல்லாம் முடித்துத் தருவதற்குக் கூலிக்குத் தரகரும் தோன்றிவிடுகின்றனர்.

இது நம் நாட்டின் ஒரு மூலையில் மட்டும் நடப்பதன்று. மராட்டிய மாநிலம் நாகபுரியில், இதே சட்டத்தின்கீழ் இடம்பெறப் பொய்யான முகவரி ஆவணங்களைக் கொடுத்ததாகப் பெற்றோர் சிலர் மீது 2024இல் காவல்துறை வழக்குத் தொடுத்தது.

இப்பொய்யால் யாருக்கு இழப்பு? ‘அரசுதானே பணம் கட்டுகின்றது, யாருக்கு என்ன குறை?’ என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நான் கூறும் விடை இது. அரிசி ஆலையில் நெல் அவிக்கும் தாய் ஒருத்தி அப்பள்ளியின் பின்தெருவில் மெய்யாகவே குடியிருக்கின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து இடங்களுக்கு இருபது பேர் வேண்டுகை தந்திருக்கின்றனர். அவர்களுள் எண்மர் பொய்முகவரிக்காரர். குலுக்கலில் அத்தாயின் மகள் பெயர் வரவில்லை. அவள் யாரையும் குறை சொல்ல மாட்டாள். தன் நல்லூழின்மை என்று எண்ணி வேலைக்குத் திரும்பிவிடுவாள். தன் மகளின் இடம் களவு போயிற்று என்பதே அவளுக்குத் தெரியாது. களவு கொடுத்தவர்க்கே தெரியாத களவு, களவுகளுள் கொடியது.

இன்னோர் இழப்பும் உண்டு. அது பொய் சொன்னவன் வீட்டிலேயே நேர்வது. ‘எந்தத் தெரு என்று கேட்டால் இந்தத் தெருவைச் சொல்’ என்று குழந்தைக்குக் கற்பிக்கின்றனர். அகர முதல் எழுத்தை அறியும் முன்பே அக்குழந்தை பொய்யை மனப்பாடம் செய்கின்றது. முதல் பாடமே பொய்யானால், பின்னர் ஆசிரியன் எழுதும் அறநெறிப் பாடம் எந்த இடத்தில் ஒட்டும்?

பிறர் பொய்யும் நம் பொய்யும்

இங்கே நம் இயக்கத்தவர் ஒன்றை நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2017இல் நீட் தேர்வு வழியே மருத்துவச் சேர்க்கை தமிழ்நாட்டில் புகுத்தப்பட்டபொழுது, பிற மாநிலத்தார் சிலர் தம் மாநிலத்திலும் தமிழ்நாட்டிலும் இரட்டை இருப்பிடம் காட்டி நம் இடங்களுக்கு வேண்டுகை தந்தனர் என்ற முறையீடு எழுந்தது. உயர் வழக்குமன்றம் வரை அது சென்றது. ‘எங்கள் மண்ணில் வாழாதவன் எங்கள் மண்ணின் சான்றைக் காட்டுவதா?’ என்று நாம் கொதித்தெழுந்தோம். அக்கொதிப்பு நயமானதே.

தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாகத் தரும் சட்டம் 2010இல் வந்தது. கடைசிப் பட்டத்தை மட்டும் தமிழ்வழியில் பெற்றதாகக் காட்டிப் பிறர் புகுந்தமையால், பள்ளிக் கல்வி முதற்கொண்டு தமிழ்வழியில் படித்திருத்தல் வேண்டும் என்று 2020இல் அச்சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. தமிழ்வழிச் சான்றையே போலியாகப் பெற்றோர் பற்றிய முறையீடும் உயர் வழக்குமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்து, கையூட்டுத் தடுப்புத் துறையின் உசாவலுக்கு உட்பட்டது. அப்பொழுதும் நாம் சினந்தோம்.

ஆனால் அடுத்த தெருக்காரன் பொய்முகவரி கொடுத்துக் குழந்தையைச் சேர்த்தால் மட்டும், ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்று பாராட்டுகின்றோமே, இஃது எவ்வகை முறை? அயலான் செய்தால் கொள்ளை; நம்மவன் செய்தால் திறமையா? தமிழ்நாட்டு எல்லையில் நாம் கேட்கும் நேர்மையை, நம் ஊர்த் தெரு எல்லையிலும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேளாதவன் குரலுக்கு வெளியே மதிப்பிராது.

வேட்டையாடினால் தீருமா?

அப்படியானால் பொய்முகவரிக்காரரை எல்லாம் பிடித்துச் சிறையிலிடலாமா? அவ்வழியில் சென்ற நாடுகளின் பட்டறிவைப் பார்ப்போம்.

அமெரிக்க நாட்டில் பள்ளிகளுக்கான பணத்தில் பெரும்பங்கு அவ்வட்டார வீட்டுவரியினின்று வருகின்றது. செல்வர் வாழும் பகுதியில் நல்ல பள்ளி. ஏழையர் பகுதியில் நலிந்த பள்ளி. ஓகியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் வாழ்ந்த கெல்லி வில்லியம்சு-போலர் என்னும் கறுப்பினத் தாய், தன் பெண்மக்கள் இருவரையும் அடுத்த வட்டாரத்துப் பள்ளியில் சேர்க்கத் தன் தந்தையின் முகவரியைக் கொடுத்தார். பள்ளியார் ஆள்வைத்துத் துப்பறிந்தனர். 2011 சனவரியில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, ஒன்பது நாள் சிறையில் இருந்தார். அவர் ஆசிரியராக விரும்பிப் படித்துக் கொண்டிருந்தவர். நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது, அவ்வாண்டே அம்மாநில ஆளுநர் அவர் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். தாய் சிறை சென்றதால் ஆக்ரன் பள்ளி உயர்ந்துவிட்டதா? இல்லை.

இங்கிலாந்தில் பூல் என்னும் ஊரின் நகராட்சி, ஒரு குடும்பம் மெய்யாகவே தான் சொன்ன வீட்டில் வாழ்கின்றதா என்றறிய, 2008இல் ஏறத்தாழ மூன்று கிழமைகள் அவர்களைப் பின்தொடர்ந்து மறைந்து நோட்டமிட்டது. குழந்தைகளையும் விடவில்லை. முடிவில் அக்குடும்பம் கூறியது மெய்யென்று தெரிந்தது. அந்நோட்டம் சட்டத்திற்கு மாறானது என 2010இல் தீர்ப்பாயம் கூறிற்று.

இவ்விரண்டு செய்திகளும் உணர்த்துவது ஒன்றே. நல்ல பள்ளி ஓரிடத்திலும் நலிந்த பள்ளி ஓரிடத்திலும் இருக்கும் வரை, நடுவில் எத்துணை உயரச் சுவர் எழுப்பினும் மக்கள் ஏறிக் குதிக்கவே செய்வர். காவலரைப் பெருக்குவதால் சுவர் உயருமே தவிர, பள்ளி உயராது.

இரண்டு வட்டங்கள்

இனி வேருக்கு வருகின்றேன். இச்சட்டத்தில் வட்டங்கள் இரண்டு உள்ளன. அவற்றை நன்கு பிரித்தறிதல் வேண்டும்.

முதல் வட்டம் 6ஆம் பிரிவில் உள்ளது. குழந்தை வாழும் இடத்தின் அண்மையில் பள்ளி இல்லையேல், மூன்றாண்டுக்குள் அரசு பள்ளி அமைத்தல் வேண்டும் என்கின்றது அது. இவ்வட்டம் குழந்தையை நடுவில் வைத்து வரையப்பட்டது. இரண்டாம் வட்டம் நான் முன்னர்க் கூறிய 12ஆம் பிரிவில் உள்ளது. அது தனியார் பள்ளியை நடுவில் வைத்து வரையப்பட்டது. அவ்வட்டத்துள் வாழ்பவன் மட்டுமே அதன் பயனைப் பெறுவான். தனியார் பள்ளி எங்கே தோன்றுகின்றது? பணம் புழங்கும் இடத்தில் தோன்றுகின்றது. நம் சாக்கோட்டை ஒன்றியத்தில், சாலையைவிட்டு உள்ளே தள்ளிக் கண்மாய்க் கரையில் கிடக்கும் சிற்றூரின் குழந்தை, எவ்வளவு ஏழையாயினும் அவ்வட்டத்துள் வாராது. முதல் வட்டத்தை வாடவிட்டு இரண்டாம் வட்டத்தை மட்டும் ஒளிரச் செய்தமையால், மக்கள் முகவரியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் ஓடுகின்றனர்.

முதல் வட்டமே பழைய கருத்து, நல்ல கருத்து. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் கல்விக்குழு, ஒரு பகுதியில் வாழும் செல்வர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே அண்மைப்பள்ளியில் படித்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அது நிறைவேறியிருப்பின், ஆலை உரிமையாளர் மகனும் ஆலைக் கூலியின் மகனும் ஒரே பலகையில் அமர்ந்திருப்பர். ஒழுகும் கூரையை ஆலை உரிமையாளரே முன்னின்று செப்பமிட்டிருப்பார். பொய்முகவரிக்கு அங்கே வேலை இருந்திராது.

ஏன் ஓடுகின்றனர்?

மக்கள் எதைத் தேடி ஓடுகின்றனர்? சுவரின் வண்ணத்தையா? கழுத்துப்பட்டையையா? இவற்றைவிட ஆங்கிலவழியைத் தேடியே ஓடுகின்றனர். தனியார் பள்ளிகளுட் பெரும்பாலானவை ஆங்கிலவழிப் பள்ளிகள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவோ, இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்கின்றது. ஒரே சட்டம் ஒரு கையால் தாய்மொழியைச் சுட்டுகின்றது. மறுகையால் அரசுப் பணத்தைக் கொடுத்துத் தாய்மொழியில்லாப் பள்ளிக்கு அனுப்புகின்றது. இதனைவிடப் பெரிய முரண் எது?

இதற்கு மாற்றுக் காண முயலாமல் நாம் இருந்ததில்லை. தமிழே பயிற்றுமொழியாதல் வேண்டுமென 1999இல் தமிழறிஞர் 102 பேர் சென்னையில் சாகும்வரை உண்ணாநிலை மேற்கொண்டனர். அதன் பயனாய், ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என அவ்வாண்டே அரசாணை பிறந்தது. 2000 ஏப்பிரலில் உயர் வழக்குமன்றம் அதனை நீக்கிவிட்டது. கருநாடகத்தின் இத்தகைய ஆணையையும் 2014இல் உச்ச வழக்குமன்றத்தின் அரசியல்சட்ட ஆயம் ஏற்கவில்லை. இவை போதாவென்று, 2012க்குப் பின் தமிழ்நாட்டு அரசே தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தது. தாய்வீட்டுக்காரியே ‘என் வீட்டுச் சோறு உதவாது’ என்று சொன்னபின், பிள்ளைகள் அடுத்த வீட்டு வாயிலில் நிற்பதில் வியப்பென்ன?

நம் பக்கத்து மேலைச்சிவபுரியில் பிறந்த அறிஞர் வ.சுப. மாணிக்கனார், மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர், தமிழ்வழிக் கல்வி இயக்கம் கண்டு ஊர் ஊராகச் சென்று பெற்றோரிடமே பேசினார். ஆணையால் மட்டும் தமிழ்வழி நிலைக்காது, பெற்றோர் உள்ளத்தில் நிலைத்தால்தான் நிலைக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நமக்கு வழிகாட்டி அவ்வாழ்க்கை.

இடத்தைப் பறிப்பது தீர்வன்று

‘அப்படியாயின் இந்த நான்கில் ஒரு பங்கையே நீக்கிவிடலாமே’ என்று ஒரு நண்பர் கேட்டார். கேரளத்தில், அருகே அரசுப் பள்ளி இல்லாவிடத்தே தனியார் பள்ளியை நாடுவது என்ற முறை உள்ளது. கருநாடகம் 2018 இறுதியில் தன் நெறிமுறையைத் திருத்தி, அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ அண்மையில் இருப்பின் தனியார் பள்ளி இவ்விடங்களைத் தர வேண்டுவதில்லை என்றது. மராட்டியமும் 2024இல் அவ்வாறே செய்ய முனைந்தது. ஆனால் பம்பாய் உயர் வழக்குமன்றம் அவ்வாண்டு சூலையிலேயே அத்திருத்தத்தை நீக்கிற்று.

என் கருத்து இது. அண்மைப்பள்ளியைச் செப்பமிடாமல் இவ்விடத்தை மட்டும் பறித்தால், செல்வர் பிள்ளைக்கு ஆங்கிலவழி, ஏழை பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஆகும். அது தமிழ்ப்பற்றாகாது, ஏழைமீது தமிழின் பெயரால் சுமத்தும் சுமையாகும். நடுவணரசு கல்விப் பணத்தை நிறுத்தி வைத்தமையால், 2025-26ஆம் கல்வியாண்டில் இச்சேர்க்கை அக்தோபர் வரை தள்ளிப்போனது. அத்திங்கள்களில் அலைந்தவர்கள் யார்? ஏழைப் பெற்றோரே. எனவே முதலில் அண்மைப்பள்ளி உயர்க. பின்னர் இவ்விடங்களை நாடுவோர் தாமே குறைவர்.

செய்ய வேண்டுவன

பெருமக்களே, சினந்து பேசிக் கலைவதற்காக நாம் இங்குக் கூடவில்லை. நம் கையாற் செய்யக் கூடியவற்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

ஒன்று: உங்கள் வீட்டு முகவரியை எவர்க்கும் கடன் கொடாதீர். உறவினர் கேட்டாலும், ‘என் தெருவில் வாழும் ஏழைக் குழந்தையின் இடத்தை என் கையால் பறிக்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள். மனவருத்தம் நான்கு நாளில் தீரும்.

இரண்டு: தேர்வு பெற்றோர் பெயர்ப்பட்டியலை ஊரார் பார்க்கும் பலகையில் ஒட்டக் கேளுங்கள். தெருவில் வாழ்பவர்க்கே தெரியும், யார் அங்கு வாழ்கின்றார் என்பது. பொய் வெளிப்படின், தண்டம் தரகருக்கும் பொய்ச்சான்று தந்த அலுவலர்க்கும் செல்லட்டும். இடம் உரியவர்க்குப் போகட்டும். குழந்தையைத் தெருவில் நிறுத்தாமல், அன்றே அரசுப் பள்ளியில் ஏற்றுக்கொள்ளட்டும். பொய் பெற்றோருடையது, குழந்தையுடையதன்று.

மூன்று: அரசுப் பள்ளிதோறும் பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருத்தல் வேண்டும் என்பதும் அச்சட்டமே. அக்குழுவில் நம்மவர் எத்தனைபேர் அமர்ந்திருக்கின்றீர்? ஆசிரியர் இடம் வெற்றாயிருப்பதையும், கழிப்பறைக்குத் தண்ணீர் வாராமையையும் அங்கே கேளாமல், மேடையில் மட்டும் தமிழ் வாழ்க என்றால் தமிழ் வாழாது. சித்திரை பிறக்குமுன்பே ஆசிரியரும் அன்பரும் வீடுவீடாகச் சென்று, இவ்வூர்த் தமிழ்வழிப் பள்ளியில் என்ன கற்பிக்கின்றோம் என்பதைக் காட்டுதல் வேண்டும். ஆங்கிலத்தையும் ஒரு மொழிப்பாடமாகச் செம்மையாய்க் கற்பித்து, அவர் அச்சத்தைப் போக்குதல் வேண்டும்.

நான்கு: இது சற்றுக் கசக்கும். தமிழியக்கத்தார் என்று சொல்லிக் கொள்வோர் தம் பிள்ளைகளையும் பெயரப்பிள்ளைகளையும் எங்குச் சேர்த்திருக்கின்றனர் என்பதை ஒருவரையொருவர் நேரே கேட்டல் வேண்டும். வீட்டு வாயிலில் தமிழ்ப்பெயர்ப் பலகை தொங்க, அவ்வீட்டுக் குழந்தையை ஏற்ற ஆங்கிலவழிப் பள்ளியின் பேருந்து அதே வாயிலில் நின்றால், அதுவும் ஒரு பொய்முகவரியே. உடல் தமிழ்த் தெருவில் குடியிருக்க, உள்ளம் வேறு நாட்டுத் தெருவில் குடியிருப்பதற்கு எந்த வட்டாட்சியரும் சான்று கேட்க மாட்டார். நாம்தாம் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

குழந்தையை நடுவில் வைத்து வட்டத்தை வரைவோம். அவ்வட்டத்துள் செல்வன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் சேர்ந்து தமிழிற் கற்கும் நல்ல பள்ளியை நிறுத்துவோம். அதன்பின் எந்தத் தாயும் தன் மகளிடம், ‘நீ வாழும் தெருவின் பெயரை மறைத்துக் கொள்’ என்று சொல்ல வேண்டிய நிலை வாராது.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்வழிக் கல்வி!